வகுப்பறைக்கு வெளியே பிறக்கும் பெயர்கள்

ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் உள்ள பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில், 1837இல் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். பந்து, மரக்கட்டை, உருளை, பாட்டு, தோட்டவேலை என்று எல்லாம் அங்கே இருந்தன. பெயர்தான் வாய்க்கவில்லை. ‘சிறு குழந்தைகளை வேலையில் ஈடுபடுத்தும் நிலையம்’ என்று பொருள்படும் ஒரு நெடுஞ்சொல்லை வைத்துக்கொண்டு அவர் அல்லாடினார். ஜெர்மன்காரர்களுக்கே மூச்சு வாங்கும் சொல் அது. 1840இல் ஒரு நாள் மலைப்பாதையில் நண்பர்களோடு நடந்து வரும்போது ‘கிண்டர்கார்டன்’ என்ற சொல் பளிச்சென்று தோன்றி, கிடைத்துவிட்டது என்று அவர் கூவியதாக உடன் வந்தவர் எழுதி வைத்திருக்கிறார்.

பிள்ளைகளின் தோட்டம். எளிய சொல், இனிய சொல். ஆனாலும் பதினொரு ஆண்டுகளில் அதுவே வம்பை இழுத்துவந்தது. ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல் பெண்களுக்கான உயர்கல்வியையும் கிண்டர்கார்டனையும் இணைத்துச் சமவுடைமை வாடை வீசும் ஒரு சிறுநூலை வெளியிட, பிரஷ்ய அரசு இரண்டு ஃப்ரோபெல்களையும் ஒருவராகக் குழப்பிக்கொண்டு 1851இல் கிண்டர்கார்டன்களுக்குத் தடை போட்டது. மறுஆண்டே பெரியவர் இறந்துபோனார். தடை நீங்கியது 1860இல்தான். அதற்குப் பிறகு அந்தச் சொல் போகாத நாடில்லை. நம் ஊரில் அது எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சுருங்கி, நான்கு வயதுப் பிள்ளை நாலுகோடு நோட்டில் எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் இடத்துக்குப் பெயராகிவிட்டது. ஃப்ரோபெல் உள்ளே வந்து பார்த்தால் அவர் கண்டுபிடித்ததில் பெயரைத் தவிர வேறெதுவும் அங்கே தட்டுப்படாது.

கற்பித்தல் முறை ஒன்றுக்கு எப்படிப் பெயர் வைப்பது என்ற கேள்வி இங்கிருந்தே தொடங்குகிறது. நாக்கில் எளிதாகப் புரண்டால் பெயர் பரவும் என்பது உண்மை. பெயர் பரவுவதும் முறை பரவுவதும் வேறு வேறு என்பது அதைவிடப் பெரிய உண்மை. கடந்த இருநூறு ஆண்டுகளில் வந்த பெயர்களைப் பரப்பி வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: இந்தப் பெயர்கள் பிள்ளைகளுக்காக வைக்கப்படுவதில்லை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தன்மேல் பிரயோகிக்கப்படும் முறை என்னவென்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பெற்றோருக்காக, அதிகாரிக்காக, நிதி கொடுப்பவருக்காக, அடுத்த பள்ளி ஆசிரியருக்காக வைக்கப்படும் பெயர்கள் இவை. ஆகவே ஒரு பெயரின் தரத்தை அதன் கவர்ச்சியைக் கொண்டு அளப்பது போதாது. அந்தப் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வகுப்புக்குள் நுழைந்தால், சொன்னது நடக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியுமா? என் பார்வையில் உரைகல் இதுதான்.

உளவியல் அளவீட்டாளர்கள் நூறாண்டுக்கு முன்பே இதன் நோயைக் கண்டுகொண்டார்கள். ஒரே பெயர் இருப்பதால் இரண்டு பொருள்களையும் ஒன்றென நினைப்பது ஒரு பிழை என்று எட்வர்டு தார்ன்டைக் 1904இல் சொன்னார். வேறு பெயர் இருப்பதால் ஒன்றையே இரண்டென நினைப்பது மற்றொரு பிழை என்று ட்ரூமன் கெல்லி 1927இல் சேர்த்தார். அவர்கள் பேசியது உளவியல் அளவீடுகளைப் பற்றி. கல்வித்துறையில் இரண்டு பிழைகளும் ஒரே கூரையின்கீழ் குடும்பம் நடத்துகின்றன.

இரண்டாவது பிழைக்கு நம் ஊரிலேயே மூத்த உதாரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதையர் இல்லத்தின் கண்காணிப்பாளராக 1789இல் பொறுப்பேற்றார். ஒரு நாள் காலையில் குதிரைமேல் போகும்போது, தமிழ்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் இல்லத்தில் அதைச் செய்யச் சொன்னபோது சம்பளம் வாங்கிய ஆசிரியர்கள் முறுக்கிக்கொண்டார்கள். அவர்களை விட்டுவிட்டு ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அது பலித்தது. பிள்ளைகளைக் கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை இல்லம் முழுதும் பரப்பிவிட்டு, லண்டன் திரும்பி 1797இல் ஒரு சிறுநூல் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயர் அங்கிருந்து கிளம்பியது.

அடுத்த ஆண்டே லண்டன் பரோ சாலையில் ஜோசப் லங்காஸ்டர் ஏறக்குறைய அதே மாதிரி ஒரு பள்ளியைத் தொடங்கினார். பெல் ஆங்கிலிகன் குரு, லங்காஸ்டர் குவேக்கர். யார் முதலில் என்ற சண்டை திருச்சபைச் சண்டையாக மாறியது. பெல் பக்கம் 1811இல் தேசியக் கழகம் எழுந்தது. லங்காஸ்டர் பக்கம் பிரிட்டிஷ் அயலகப் பள்ளிக் கழகம் எழுந்தது. ஒரே காரியத்துக்கு ஒரு தரப்பில் ‘மெட்ராஸ் முறை’, மறுதரப்பில் ‘லங்காஸ்டர் முறை’, பொதுவில் ‘மானிட்டர் முறை’, பிரான்சில் ‘பரஸ்பரக் கல்வி’ என்று நான்கு பெயர்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளி ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பெல்லுக்கு வெகுகாலம் முன்பே இந்த வேலையைச் செய்துவந்த பையனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் இருந்தது. முறைக்குப் பெயர் இல்லை. ஊரில் எல்லாரும் செய்கிற காரியத்துக்கு யார் பெயர் வைப்பார்கள்? கப்பலேறி விற்கப் போகும்போதுதான் பெயர் தேவைப்பட்டது.

ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் சூட்டப்பட்ட முறைகளில் மரியா மாண்டிசோரியின் கதைதான் நமக்கு மிக நெருக்கம். ரோமில் சான் லொரென்சோ குடியிருப்பில் 1907 ஜனவரி 6இல் அவர் திறந்த இடத்துக்குப் பெயர் ‘குழந்தைகளின் வீடு’. அவர் தம் முறையை அறிவியல் கல்விமுறை என்று சொல்லவே விரும்பினார். உலகம் அவர் பெயரையே வைத்தது. 1939இல் பிரம்ம ஞான சபையின் அழைப்பில் அடையாற்றுக்கு வந்தவருக்கு, போர் மூண்டு இத்தாலி எதிரி நாடானதால் இங்கேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார். அந்த ஆண்டுகளில் அவரிடம் நேரடியாகப் பயின்ற ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் பெயருக்குக் காவல் இல்லை. 1967இல் அமெரிக்க வணிகச்சின்ன வாரியம், மாண்டிசோரி என்பது ஒரு முறையைக் குறிக்கும் பொதுச்சொல், எந்த ஒரு அமைப்புக்கும் சொந்தமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. இலங்கையில் இன்று எந்த முன்பள்ளியையும் ‘மொண்டிசோரி’ என்று சொல்கிறார்கள். அங்கே இளஞ்சிவப்புக் கோபுரமும் மணித்தொகுதிகளும் இருக்கின்றனவா என்பது வேறு விஷயம். சென்னைத் தெருக்களிலும் நிலைமை அவ்வளவு வித்தியாசமில்லை.

ஆட்பெயரில் ஒரு வசதி உண்டு: அது வாக்குறுதி எதுவும் தருவதில்லை. வால்டார்ஃப் என்ற பெயரிலிருந்து என்ன புரியும்? 1919இல் ஸ்டுட்கார்ட்டில் வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் தொழிற்சாலையின் முதலாளி எமில் மோல்ட், தம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனரைக் கொண்டு பள்ளி தொடங்கினார். சிகரெட்டின் பெயர் பள்ளிக்கு வந்தது, பள்ளியின் பெயர் முறைக்கு வந்தது. இயற்கை, மரப்பொம்மை, நீர்வண்ணம் என்று பேசும் பெற்றோர் பலருக்கு இது தெரியாது. ஹெலன் பார்க்ஹர்ஸ்ட் தமது திட்டத்தை ‘ஆய்வுக்கூடத் திட்டம்’ என்றார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டால்டன் ஊரில் அது நடந்ததால் டால்டன் திட்டம் ஆயிற்று. ஷினிச்சி சுசூகி வயலின் கற்பிக்கும் தம் முறைக்குத் ‘திறமைக் கல்வி’ என்று பெயர் வைத்தார். உலகம் அதையும் ஏற்கவில்லை, சுசூகி முறை என்றே சொல்கிறது. கருத்தைச் சொல்லும் பெயரின் இடத்தை ஆளோ ஊரோ பிடித்துக்கொள்வது இந்தத் துறையில் வழக்கம்தான்.

முறையின் பெயரே எதிராளிக்கு ஆயுதமானதும் உண்டு, முறையை உண்டாக்கியவர் வைக்கும் பெயரைவிட எதிராளி வைக்கும் பெயர் வலுவாக நின்றதும் உண்டு. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் கேரி நகரம், யு.எஸ். ஸ்டீல் கம்பெனி 1906இல் எழுப்பிய ஊர். கம்பெனித் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரே ஊர்ப்பெயர். அங்கே வில்லியம் வர்ட் நடத்திய பள்ளிமுறையில் ஒரு பாதிப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது மறுபாதி பட்டறையிலும் விளையாட்டுத் திடலிலும் இருப்பார்கள். கட்டடம் ஒரு நிமிடமும் சும்மா கிடக்காது. நியூயார்க் மேயர் அதைத் தம் நகரத்துக்குக் கொண்டுவரப் பார்த்தபோது, ‘கேரி’ என்ற பெயரே எதிர்ப்பாளர்களுக்குப் போதுமானதாக இருந்தது. எஃகு முதலாளியின் பெயர் தாங்கிய முறை எங்கள் பிள்ளைகளை எதற்குத் தயார் செய்யும் என்று கேட்டார்கள். 1917 அக்டோபரில் பிள்ளைகளே தெருவில் இறங்கிக் கல்லெறிந்தார்கள். அடுத்த மாதத் தேர்தலில் மேயர் தோற்றார்.

சென்னை மாகாணத்தில் 1953இல் நடந்தது இதைவிடக் கூர்மையானது. ராஜாஜி அரசு கொண்டுவந்ததன் அதிகாரப்பூர்வப் பெயர் ‘திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்’. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்பு. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ ஊரில் நடக்கும் வேறு கைத்தொழிலையோ கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளியை இரண்டு வேளையாகப் பிரித்தால் அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு இரு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் கணக்கு. பெரியாரின் திராவிடர் கழகமும் தி.மு.க.வும் அதற்குக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் வைத்தன. ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கு எதிரானது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. இன்று அந்தத் திட்டத்தின் அரசுப் பெயரைச் சொன்னால் பழைய ஆவணம் பார்த்தவர்களைத் தவிர யாருக்கும் புரியாது. குலக்கல்வி என்றால் கட்சி பேதமில்லாமல் எல்லாருக்கும் புரியும்.

அந்தப் பெயர் நியாயமானதா என்று இன்னமும் விவாதிக்கிறார்கள். திட்டத்தின் ஆதரவாளர்கள், எந்தக் கைத்தொழிலையும் கற்கலாம் என்றுதானே இருந்தது என்பார்கள். ஆனால் பெயரின் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால் எதிர்ப்பாளர் சூட்டிய பெயரே நேர்மையானது என்பேன். ‘திருத்தியமைக்கப்பட்ட’ என்ற சொல் எதைத் திருத்தினோம் என்று சொல்லவில்லை. குலக்கல்வி என்ற சொல், சாதி தொழிலைத் தீர்மானிக்கும் ஒரு சமூகத்தில் அரைநாளை அப்பன் தொழிலுக்கு விட்டால் என்ன நடக்கும் என்று நேராகச் சொன்னது. ஒருவர் அதை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். மறுக்க இடம் கொடுத்ததே அந்தப் பெயரின் பலம்.

அடுத்து வருவது மறுக்கவே முடியாத பெயர்களின் கூட்டம். இதில்தான் கல்வித்துறையின் பெரும்பகுதி அடங்கும். அமெரிக்காவில் 1919இல் ‘முற்போக்குக் கல்வி’க்கு ஒரு சங்கமே அமைந்தது. யார் பிற்போக்குக் கல்வி வேண்டும் என்பார்கள்? 1955க்குள் சங்கம் கலைந்து, பெயர் வசைச்சொல்லாகிவிட்டது. ஸ்புட்னிக் பறந்ததும் வேகமெடுத்த ‘புதிய கணிதம்’ இருபது ஆண்டு தாங்கவில்லை. புதிய என்ற அடைமொழி எவ்வளவு சீக்கிரம் பழசாகும் என்பதற்கு அது சாட்சி. வாசிப்பு கற்பிப்பதில் நடந்த நீண்ட சண்டையில் ‘முழுமொழி’ என்ற பெயர் எண்பதுகளில் கோலோச்சியது. எழுத்தின் ஒலிகளை முறையாகச் சொல்லிக்கொடுப்பதை அது ஓரம் கட்டியது. ஆய்வுகள் எதிராகத் திரும்பத் தொடங்கியதும் ‘சமநிலை எழுத்தறிவு’ என்ற பெயர் வந்து உட்கார்ந்தது. சமநிலைக்கு எதிராகப் பேசுகிறவர் சமநிலை இல்லாதவர் ஆகிவிடுவார் அல்லவா! எந்த அளவில் எது கலந்திருக்கிறது என்று அந்தப் பெயர் சொல்லவே இல்லை. பழைய வழக்கத்தையே தொடர்ந்த பள்ளியும் அந்தப் பலகையை மாட்டிக்கொள்ள முடிந்தது. இப்போது அங்கே ‘வாசிப்பு அறிவியல்’ என்ற பெயரின் காலம். அறிவியலை எதிர்க்கவும் யாராலும் முடியாது. ஒலிகளை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்ற அதன் உள்ளடக்கம் எனக்கு உடன்பாடு. பெயர் வைத்த விதத்தில் பழைய தந்திரமே தெரிகிறது.

ரிச்சர்டு மேயர் என்ற உளவியலாளர் 2004இல் ஒரு கட்டுரை எழுதினார். ‘கண்டுபிடித்துக் கற்றல்’ அறுபதுகளில் சோதிக்கப்பட்டது. வழிகாட்டல் இல்லாமல் பிள்ளைகளை விட்டுவிட்டால் கற்பதில்லை என்று தெரிந்தது. எழுபதுகளில் அதுவே குழந்தை உளவியலாளர் பியாஜேயின் பெயரோடு வந்தது, எண்பதுகளில் லோகோ கணினிமொழியோடு வந்தது. ஒவ்வொரு முறையும் பழைய முடிவே. மூன்று தரம் தோற்றதை ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டாமா என்று அவர் கேட்டார். இரண்டாண்டு கழித்து கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் இன்னும் காட்டமாக எழுதினார்கள்: கண்டுபிடிப்பு, விசாரணை, அனுபவம், சிக்கல்வழி, கட்டமைப்புவாதம் என்ற பெயர்களெல்லாம் அடிப்படையில் குறைந்த வழிகாட்டல் என்ற ஒரே காரியத்தின் அவதாரங்கள் என்று. மறுத்தவர்களும் உண்டு. சிக்கல்வழிக் கற்றலில் வழிகாட்டல் ஏராளம், இதை அதோடு சேர்க்காதீர்கள் என்றார்கள். அந்த மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. பெயர்கள் தெளிவாக இருந்திருந்தால் இந்தச் சண்டையில் பாதி வந்திருக்காது.

நம் நாட்டிலும் இந்தப் பழைய கள் புதிய மொந்தைக்குக் குறைவில்லை. காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்ததற்கு வார்தா திட்டம், நயீ தாலீம், தமிழில் ஆதாரக் கல்வி என்று பெயர்கள். கைத்தொழிலின் வழியாகவே கணக்கும் மொழியும் அறிவியலும் கற்பது அதன் உயிர். ஐம்பதுகளில் பெயர்ப்பலகை மட்டும் மாறிய ‘ஆதாரப் பள்ளி’கள் பெருகின. கோத்தாரி ஆணையம் அறுபதுகளில் ‘பணி அனுபவம்’ என்றது. 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு ‘சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணி’ என்று மாற்றியது. எஸ்.யு.பி.டபிள்யு. என்ற அந்த நான்கெழுத்தை வைத்து, பாடவேளையை வீணாக்குவது என்று பொருள்வரும்படி பிள்ளைகள் விரித்துச் சொல்லிச் சிரித்ததை அந்தக் காலத்து சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெயர் நீள நீள, காரியம் வாரத்துக்கு ஒரு பாடவேளையாக இளைத்தது.

பெயரின் பூச்சு மனத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சோதனையும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் டீனா வைஸ்பெர்க் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், உளவியல் விளக்கங்களை இரண்டு வடிவில் கொடுத்தார்கள். ஒன்றில் மூளை ஆய்வு பற்றிய, விளக்கத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு வாக்கியம் கூடுதல். சாதாரண மக்களும், நரம்பியல் பாடம் எடுத்த மாணவர்களும் அந்தக் கூடுதல் வாக்கியத்தில் மயங்கினார்கள். மோசமான விளக்கமும் நல்லதாகத் தெரிந்தது. துறை வல்லுநர்கள் மட்டும் ஏமாறவில்லை. ‘மூளைசார் கற்றல்’, ‘வலமூளைப் பயிற்சி’ என்று நோட்டீஸ் அடிப்பவர்கள் அந்த ஆய்வைப் படித்திருக்கத் தேவையில்லை. விஷயம் அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

எதிர்த்திசையில், அழகில்லாத பெயரால் அடிபட்டதாக எனக்குத் தோன்றும் ஒரு முறை உண்டு. சீக்ஃப்ரீட் எங்கல்மான் வடிவமைத்த ‘நேரடிக் கற்பித்தல்’. அறுபதுகளின் இறுதியில் அமெரிக்க அரசு ஏழைப் பிள்ளைகளுக்கான பல முறைகளை அக்கம்பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பெருஞ்சோதனையைத் தொடங்கியது. 1977 மதிப்பீட்டில் அடிப்படைத் திறன்களில் முன்னின்றது இதுதான். தன்மதிப்பிலும் அந்தப் பிள்ளைகள் நன்றாகவே வந்தார்கள். மதிப்பீட்டின் முறைபற்றிக் கடும் விமர்சனங்கள் எழுந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் அந்த முடிவுக்கு ஏற்ற பரவல் அதற்குக் கிடைக்கவில்லை. ஆசிரியர் சொல்ல வேண்டியதை வார்த்தை வார்த்தையாக எழுதிக்கொடுத்தது ஒரு காரணம். ‘திறந்த கல்வி’ போன்ற பெயர்களுக்குப் பக்கத்தில் ‘நேரடி’ என்ற சொல் காவல் நிலைய வாசனை அடித்தது இன்னொரு காரணம்.

செய்கையைச் சொல்லும் பெயர்களுக்கு வருவோம். என் ஓட்டு இவற்றுக்குத்தான். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் 1971இல் கறுப்பு, வெள்ளை, மெக்சிகப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தபோது, எலியட் அரான்சன் என்ற சமூக உளவியலாளர் ‘ஜிக்சா வகுப்பறை’யை வகுத்தார். ஐந்தாறு பேர் கொண்ட குழு. பாடம் அத்தனை துண்டாகப் பிரியும். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டு. வெவ்வேறு குழுக்களில் அதே துண்டை வைத்திருப்பவர்கள் முதலில் கூடிப் பேசித் தேறுவார்கள், பிறகு தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுப்பார்கள். அடுத்தவனிடம் இருக்கும் துண்டு இல்லாமல் யாராலும் பரீட்சை எழுத முடியாது. பெயரைக் கேட்டவருக்கு முறையின் எலும்பு கைக்கு வந்துவிடுகிறது. துண்டு பிரிக்காமல் நாலு பேரை வட்டமாக உட்கார வைத்துவிட்டு ஜிக்சா என்று சொன்னால் உடனே குட்டு வெளிப்படும்.

‘தலைகீழ் வகுப்பறை’யின் கதையும் இதோடு சேர்ந்தது. ஓகையோவின் மயாமி பல்கலைக்கழகப் பொருளியல் ஆசிரியர்கள் மூவர் 2000இல் இதே யோசனையைக் கொஞ்சம் புத்தக வாடையுள்ள ஒரு பெயரில் எழுதினார்கள். துறைக்குள்ளேயே நின்றது. கொலராடோவில் ஜோனதன் பெர்க்மான், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கில் பாடத்தைக் காணொளியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வகுப்பில் வீட்டுப்பாடத்தைச் செய்யவைத்தார்கள். தோசையைத் திருப்பிப் போடுவது மாதிரியான ஒரு சின்னச் சொல் அதற்கு அமைந்தது, சில ஆண்டுகளில் உலகம் முழுக்கத் தெரிந்தது. ஆனால் அந்தச் சொல் திருப்பிப் போடுவதை மட்டுமே சொல்கிறது. மிச்சமான வகுப்பு நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கொரோனா காலத்தில் யூடியூப் இணைப்பு ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத் தலைகீழ் வகுப்பறை நடத்தியதாகப் பாடக்குறிப்பில் எழுதியவர்களை இந்தப் பெயரால் மடக்க முடியாது.

பிரதம் தொண்டு நிறுவனம் தன் வாசிப்பு இயக்கத்துக்கு ஒரு காலத்தில் வைத்த பெயர் ‘கமால்’. ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து, இந்தியில் ஜாலம் என்றும் தாமரை என்றும் ஒலிக்கும்படி செய்த வார்த்தை விளையாட்டு. இந்திக் காதுக்கு இனிமை, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பின்னால் அதே காரியம் ‘சரியான நிலையில் கற்பித்தல்’ என்ற பொருள்தரும் தட்டையான ஆங்கிலப் பெயரில் ஆப்பிரிக்கா வரை போனது. பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், எழுத்தா, சொல்லா, பத்தியா, கதையா, எதுவரை வாசிக்கிறது என்று ஒரு தாளை நீட்டிப் பார்த்து, அந்த நிலையில் குழு சேர்ப்பது. நிலையைச் சோதித்தீர்களா, குழு மாற்றினீர்களா என்று கேட்டால் தீர்ந்தது.

ஒரே பெட்டிக்குள் இருந்ததை மூன்று மாநிலங்கள் மூன்று விதமாக அழைத்த கதைதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிஷி வேலியில், ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக அட்டைகளும் கற்றல் ஏணியும் உருவானபோது, அவர்கள் வைத்த பெயர் ‘பல்வகுப்பு, பல்நிலைக் கற்பித்தல்’. தீர்க்க வேண்டிய சிக்கலையே பெயராக்கினார்கள். கர்நாடகத்தின் ஹெக்கடதேவனகோட்டை ஆசிரியர்கள் 1995இல் அதைப் பார்த்துவிட்டுப் போய் ‘நலி கலி’ என்றார்கள். மகிழ்ச்சியாய்க் கற்பது என்பது அதன் பொருள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முயற்சியில் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியபோது அது ‘செயல்வழிக் கற்றல்’ ஆயிற்று.

அந்த நாட்களில் ஒரு வகுப்புக்குள் போனவர்களுக்கு நினைவிருக்கும். பெஞ்சு கிடையாது, பாய். சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்த தாள்கள். வருகையைப் பிள்ளையே பதிந்துகொள்ளும். தட்டிலிருந்து சின்னம் பார்த்து அட்டையை எடுத்து, ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, ஆசிரியர் முழு உதவிக் குழுவிலோ தானே கற்கும் குழுவிலோ போய் உட்காரும். நேற்று லீவு போட்ட பிள்ளை இன்று நேற்று விட்ட அட்டையிலிருந்து தொடங்கும். இதன் உயிர் ஏணியில் இருந்தது, செயலில் இல்லை. அட்டைகளில் பல வாசிப்பதும் எழுதுவதும்தான். பெயரில் ‘செயல்’ இருந்ததால் பெற்றோர், ‘புத்தகமும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை, விளையாட்டுக் காட்டியே அனுப்புகிறார்கள்’ என்றார்கள். ஆசிரியர்களில் சிலர் ஏணியைத் தொங்கவிட்டுவிட்டு எல்லாருக்கும் ஒரே அட்டையை ஒரே நேரத்தில் நடத்தினார்கள். பெயர் அதைத் தடுக்கவில்லை, கைதட்டிப் பாடினால் செயல் ஆகிவிடுமே. அதற்கு ஏணிமுறை என்று பெயர் வைத்திருந்தால், ஏணியில் என் பிள்ளை எந்தப் படி என்று கேட்கப் பெற்றோருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

நடுநிலை வகுப்புகளுக்கு வந்தது ‘படைப்பாற்றல் கல்வி’. பெயர் வானத்தைத் தொட்டது. நடைமுறையில் படி, அடிக்கோடிடு, மனவரைபடம் வரை, தொகு, விவாதி என்ற வரிசை. அந்த ஆண்டுகளின் மாணவர் நோட்டுகளைப் புரட்டினால் பக்கத்துக்கு ஒரு மனவரைபடம், எல்லா நோட்டிலும் ஒரே மனவரைபடம். ஆசிரியர் ஓய்வறையில் இந்தப் பெயர்களை யாரும் சொன்னதும் இல்லை. அங்கே செயல்வழிக் கற்றல் ஏ.பி.எல்., படைப்பாற்றல் கல்வி ஏ.எல்.எம்., பிறகு எளிமையாக்கப்பட்ட எஸ்.ஏ.பி.எல்., அதற்குப் பிறகு தொடர் முழு மதிப்பீட்டுக்கு சி.சி.இ. பயிற்சிக்கு வட்டார வள மையத்துக்குப் போய்வந்த ஆசிரியருக்குப் பெயர் என்பது சுற்றறிக்கையின் தலைப்பு.

தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன. ஔவையின் கொன்றை வேந்தனிலிருந்து எடுத்த பெயர் என்பதால் பாட்டிக்கும் தெரியும். முறை என்னவென்று அது சொல்லவில்லை. இலக்கு என்னவென்று சொல்கிறது, இலக்கை அளக்க முடியும். அந்த அளவில் இது தேறிய பெயர். அதைவிடக் கவனிக்க வேண்டியவை, பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி குழு பிரிக்க உள்ளே இருக்கும் மூன்று சிறு பெயர்கள்: அரும்பு, மொட்டு, மலர். பிள்ளையின் காதுக்கு வரும் பெயர்கள் இவை மட்டும்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த அம்மாவிடம், ‘உங்க பொண்ணு மொட்டுல இருக்காம்மா’ என்றால், ‘எப்போ டீச்சர் மலருக்கு வருவா?’ என்று திருப்பிக் கேட்க முடிகிறது. அதே நேரம், மூன்றாம் வகுப்பில் அரும்பில் இருக்கும் பையனுக்கு அந்தப் பூப்பெயரின் பொருள் ஒரு வாரத்தில் விளங்கிவிடும். பெயர் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் பிள்ளைகள் வரிசையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குழு அடிக்கடி மாறினால் பெயர் வலிக்காது. மாறாவிட்டால் மலர்ப்பெயரும் கடைசி பெஞ்சும் ஒன்று.

பெயர் வைப்பதையே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் 1979 முதல் 1984 வரை ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு புது வழியை என்.எஸ். பிரபு சோதித்தார். இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்காமல், ரயில் அட்டவணை, வரைபடம், கணக்கு என்று பிள்ளைகள் யோசித்துத் தீர்க்க வேண்டிய வேலைகளைக் கொடுப்பது. அப்போது கோலோச்சிய ‘தகவல்தொடர்பு முறை’யோடு இதைக் குழப்பிவிடக் கூடாது என்று ஏறத்தாழ அதே சொல்லின் விகுதியை மட்டும் மாற்றிப் பெயரிட்டார். யாரும் அதை நினைவில் வைக்கவில்லை. முதலில் பெங்களூர்த் திட்டம் என்றார்கள், பிறகு அந்த யோசனை ‘பணிவழிக் கற்பித்தல்’ என்ற பெயரில் உலகைச் சுற்றியது. 1990இல் பிரபு, சிறந்த முறை என்று ஒன்று இல்லை, ஏன் என்ற கேள்வியைத் தலைப்பாக வைத்து எழுதினார். ஆசிரியருக்குத் தான் செய்வதில் இருக்கும் நம்பிக்கை உயிரோடு இருக்கிறதா என்பதே முக்கியம், முறையின் பெயர் அல்ல என்றார். நான்கு ஆண்டு கழித்து, அமெரிக்காவில் பணியாற்றிய பி. குமாரவடிவேலு இன்னும் ஒரு படி போய், முறைகளின் காலம் முடிந்தது, ஆசிரியரே தம் சூழலுக்கான கோட்பாட்டை வகுத்துக்கொள்ளட்டும் என்றார். அதைச் சொல்லவும் அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது: ‘முறைக்குப் பிந்தைய நிலை’. ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய எம்.ஏ., எம்.எட். பாடத்திட்டங்களில் இன்று அது நேரடி முறை, தகவல்தொடர்பு முறை, பணிவழி முறை எல்லாவற்றுக்கும் அடுத்து, பட்டியலின் கடைசியில், சிறுகுறிப்பு வரைக என்று கேட்க வசதியாக உட்கார்ந்திருக்கிறது.